கல்வாசலில் நிற்கும் முனீஸ் அண்ணன்

மூடின கதவுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் சும்மா நின்று பார்த்திருக்கிறீர்களா நீங்கள்? தட்டக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது, கால் வலித்தால் உட்காரவும் முடியாது, ஏனென்றால் அந்த ஆளுக்கு உட்காரவே தெரியாது. நான் நின்றுகொண்டிருக்கிறேன். நான் என்றால் நானில்லை, முனீஸ் அண்ணன். வெள்ளைத் தாடி, தோளில் மருந்துப் பை, கையில் ஒரு கோல். அரவநாட்டில் மருத்துவர். இங்கே ஓசூரில், மூன்றாவது மாடியில், அடுப்படித் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு பருப்புச் சோறு பிசைகிறவள் பூமயில். இரண்டும் ஒரே ஆள்தான். அது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். போன் அரிசிச் சம்படத்தில் சாய்ந்து நிற்கிறது. திரை முழுக்கக் கல்வாசல், பாசி பிடித்த பெரிய கதவு, அதன் மேல் வெள்ளை எழுத்தில், உங்களுக்கு முன்னால் 612 குழுக்கள். சோறு வடிக்கும்போது அது 640. கொஞ்சம் குறைந்திருக்கிறது, இல்லையென்று சொல்ல முடியாது. "ஆ காட்டு தங்கம். பாரு, கதவு பாரு. உள்ள பாம்பு இருக்கு. ஏழு தலைப் பாம்பு. ஆ." பிள்ளை வாயைத் திறந்தது பாம்புக்குத்தான், சோற்றுக்கில்லை. எதற்குத் திறந்தால் என்ன, ஒரு வாய் உள்ளே போயிற்று.

அரவநாடு வந்து இரண்டு மாசம்தான் ஆகிறது. போனில் விளையாடுகிற விளையாட்டு, ஆனால் பந்து உருட்டுவது, மிட்டாய் உடைப்பது மாதிரி இல்லை. அது ஒரு தேசம். எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் எல்லாம் ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு அதற்குள் நடமாடுகிறார்கள். நல்லதைச் சொல்லிவிடுகிறேன் முதலில். அங்கே மழை பெய்யும். எங்கள் ராமநாதபுரத்துப் பக்கம் அப்படியொரு மழையை நான் கண்டதில்லை, பெய்து முடித்த பிறகும் இலையிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விழும், அந்தச் சொட்டு என் ஆளின் தாடியில் பட்டால் தாடி நனையும். புல்லில் நடந்தால் புல் சாயும், திரும்பிப் பார்த்தால் மெதுவாக நிமிர்ந்துகொண்டிருக்கும். யாரோ உட்கார்ந்து இதையெல்லாம் யோசித்திருக்கிறார்கள், அவர்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும். எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை என்று அங்கே ஒருத்தரும் கேட்பதில்லை, அது எல்லாவற்றையும் விட நல்லது. கெட்டதும் சொல்ல வேண்டும் இல்லையா. போன் தோசைக்கல்லாகக் காய்கிறது, அதற்குத்தான் சம்படத்து மேல் ஈரத்துணி போட்டிருக்கிறேன். பொம்பளை வேஷத்துக்கு அவர்கள் கொடுக்கிற உடுப்பை என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாது, அதைப் போட்டுக்கொண்டு பாம்போடு சண்டை போட்டால் பாம்புக்குத்தான் கூச்சமாக இருக்கும். அந்த நாட்டில் கிணறு இருக்கிறது, கயிறும் வாளியும் இல்லை. வீடு இருக்கிறது, அடுப்பு இல்லை. கொடியில் ஒரு துணி காய்ந்து நான் பார்த்ததில்லை. இத்தனை ஆயிரம் பேர் இருக்கிற தேசத்தில் ஒரே ஒரு பிள்ளை கிடையாது. முதல் வாரம் தெருத்தெருவாகத் தேடினேன், விளையாட்டுக்குத்தான், அப்புறம் கொஞ்சம் பயமாகிவிட்டது. எல்லாரும் வளர்ந்தே பிறந்தவர்கள். எல்லாரும் எங்கேயோ ஓடிக்கொண்டே இருக்கிறார்கள்.

இன்று காலையில் அப்டேட் என்று ஒன்று வந்து இறங்கியது. இரண்டு மணி நேரம் இறங்கியது. திறந்து பார்த்தால் மருந்துப் பொத்தான் வலது பக்கத்திலிருந்து இடது பக்கம் போய்விட்டது, மாமியார் நாலு நாள் வந்து தங்கிப் போன பிறகு கடுகு டப்பாவைத் தேடுகிற மாதிரி நான் தேடிக்கொண்டிருக்கிறேன். இன்னும் என்னென்ன மாறியதோ, படித்துப் பார்க்க நேரமில்லை, பக்கம் பக்கமாக எழுதியிருந்தான், சரி என்று அமுக்கிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். வரிசை மட்டும் மாறவில்லை. ஆள் தாங்கவில்லையாம் அவர்கள் கம்ப்யூட்டருக்கு. 540. "அந்தா பாருடி, கொம்பு வச்ச தொப்பி போட்டுட்டு நிக்கிறான்ல, அவன்தான் ஆண்ட்ரூஸ். எருமை மாட்டுக் கொம்பு. பெரிய ராஜான்னு நெனப்பு அவருக்கு. வாய் இருக்கே, மூணு ஊருக்குக் காணும். பாம்பைப் பார்த்ததும் மொதல்ல ஓடுறதும் அவன்தான். ஆ. அப்படித்தான், என் ராசாத்தி." நான் பிள்ளையிடம் இப்படி ஓயாமல் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. தன்ஷிக்கு ஒன்றரை வயது, மூன்று சொல்தான் வருகிறது, அதில் ஒன்று காக்காய் கத்துவது. ஊசி போடப் போனபோது நர்சம்மா கேட்டார், வீட்ல எத்தன பேரும்மா? மூணு பேருங்க. பேசுவீங்களா வீட்ல? நான் சிரித்துவிட்டேன், என்னைப் பார்த்து அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான், எங்கள் பள்ளிக்கூடத்தில் வாயாடி என்று வாத்தியார் என் பேரைப் பலகையில் எழுதாத நாள் கிடையாது. பிறகு பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தால் அன்றைக்கு நான் பேசியது நடத்துநரிடம் ஒரு வார்த்தை, நர்சம்மாவிடம் நாலு வார்த்தை. செய்யுற வேலை எல்லாத்தையும் பிள்ளைகிட்ட வாய்விட்டுச் சொல்லுங்கம்மா, அது கேட்டுக் கேட்டுத்தான் பேசும் என்றார். அன்றிலிருந்து வெங்காயம் உரித்தால் அதைச் சொல்கிறேன், கதவைச் சாத்தினால் அதைச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரரும் பேசக்கூடியவர்தான், கோளாறு சொல்ல முடியாது. கியர் கம்பெனியில் முதல் ஷிப்ட், விடியுமுன் கம்பெனி பஸ், நாலு மணிக்கு மேல் வருவார், வந்தால் கண் சொருகும். மெஷின் சத்தத்தில் எட்டு மணி நேரம் நின்ற காதுக்கு என் சத்தமும் சேர்ந்தால் பாவம்தானே. எதிர் வீட்டில் ஒடிசாக்காரப் பெண், என் வயசுதான் இருக்கும், துணி காயப்போடப் போகும்போது சிரிப்போம். ஒரு நாள் அவள் ஒரு கிண்ணத்தில் ஏதோ இனிப்புக் கொண்டுவந்து நீட்டினாள், நான் முறுக்குப் போட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், அதற்கப்புறமும் சிரிப்புத்தான். கீழ் வீட்டில் தெலுங்கு, பக்கத்தில் இந்தி. ஊரில் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்பேன், அதுவும் இதே மாதிரி முக்கால் மணி நேரம், வெயில் மண்டையைப் பிளக்கும், எவள் குடத்தை எவள் தள்ளினாள் என்று சண்டை நடக்கும், அதை நினைத்து ஏங்குகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், குடம் சுமந்த இடுப்பு இன்னும் வலிக்கிறது. ஆனால் அந்த வரிசையில் வாய் சும்மா இருந்ததில்லை. ஒரு நாள் காய்கறி வண்டிக்காரரிடம் கால் கிலோ அவரைக்காய் என்று கேட்டேன், என் தொண்டையிலிருந்து வேறு யாரோ பேசின மாதிரிக் கரகரவென்று வந்தது. அன்றைக்குப் பிள்ளையைத் தவிர இன்னொரு ஆளிடம் நான் பேசின முதல் வார்த்தை அது. மணி பதினொன்று. வண்டிக்காரர் சளியாம்மா என்றார். ஆமாங்க என்றேன். 410.

அரவநாடு முதலில் வீட்டுக்காரர் போனில்தான் வந்தது. கூட வேலை பார்க்கிறவர்கள் சொல்லி இறக்கினார், முனீஸ் என்று பேர் வைத்தார், தாடிக்காரனை எடுத்தார், ஒரு வாரத்தில் தூக்கம் கெடுகிறது என்று விட்டுவிட்டார். நீ வேணா வச்சுக்க பூமயிலு, மழை நல்லா இருக்கு என்றார். மழைக்காகத்தான் போனேன். மூன்றாம் நாள் ஒரு குகை வாசலில் இரண்டு பேர் அடிபட்டுக் கிடந்தார்கள், மருந்துப் பை இருக்கிறதே என்று மருந்து போட்டேன். எழுந்த ஒருத்தன், அண்ணே நீங்க தெய்வம்ணே என்றான். அவன்தான் சாதிக், மேலப்பாளையத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். கூடக் கிடந்தது நாகர்கோவில் ஆண்ட்ரூஸ், காலேஜுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எங்கேயோ உட்கார்ந்து விளையாடுகிறவன். பிறகு துரைக்கண்ணு சேர்ந்தார். குவைத்தில் பாலைவனத்து நடுவில் ஒரு பம்ப் அறைக்குக் காவல், மணிக்கு ஒரு தரம் மீட்டரைப் பார்த்து எழுத வேண்டும், மற்றபடி மணல்தான் என்று சாதிக் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் வாயைத் திறந்தால் சரி என்பார், இல்லையென்றால் வாரேன் என்பார். மற்ற இரண்டும் மைக்கில் கத்திக்கொண்டே இருக்கும். நான் டைப் மட்டும் அடிப்பேன். அண்ணே அண்ணே என்று அவர்கள் கூப்பிடும்போது எனக்குச் சிரிப்பாக வரும், பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை வீட்டில் நாலு பேர் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும், அந்தச் சத்தத்தைப் போட்டுவிட்டுத்தான் பாத்திரம் கழுவுவேன். நான் பெண் என்று சொல்லியிருக்கலாம். அரவநாட்டுச் சந்தையில் ஒரு பெண் குரல் கேட்டதும் நாற்பது பேர் அவளைச் சுற்றி வளைத்து நின்றதைப் பார்த்தேன், ஒருத்தன் நம்பர் கேட்டான், ஒருத்தன் பாடினான், அவள் அங்கேயே மறைந்து போனாள், அதற்கப்புறம் வரவேயில்லை. எனக்கு அந்தத் தாடி வசதியாக இருந்தது. தாடிக்காரனுக்கு மரியாதை இருக்கிறது.

நேற்றுத்தான் வினை வந்தது. ஏழு தலைப் பாம்புக்குத் திட்டம் போட்டான் சாதிக். எந்தத் தலை எப்போது திரும்பும் என்று மருத்துவர்தான் பின்னாலிருந்து பார்த்துச் சொல்ல வேண்டும், டைப் அடித்தால் அதற்குள் எல்லாரும் பொசுங்கிவிடுவோம், மைக்கைப் போடுங்கண்ணே என்றான். மைக் ரிப்பேர் என்று அடித்தேன். செல்போன் கடைக்காரனிடம் போய் அதைச் சொன்னேனே, என் புத்தியை என்ன சொல்ல. போனைக் கூரியர்ல போடுங்கண்ணே, ஒரே நாள்ல மாத்தித் தாரேன், நீங்க நமக்கு எவ்ளோ செஞ்சிருக்கீங்க என்றான். ஆண்ட்ரூஸ் இடையில் புகுந்து, அண்ணன் மைக் வேலை செய்யலேன்னா சேலத்துல ஒருத்தன் ரெடியா இருக்கான், அவனும் மருத்துவர்தான், நாளைக்கு மட்டும் கூப்பிட்டுக்கலாமா என்றான். நாளைக்கு மட்டும் என்றுதான் சொன்னான். எனக்குத் தெரியாதா, கால் வைத்தவன் போவானா. குழு என்றால் நாலு பேர், ஐந்தாவது ஆளுக்கு இடமில்லை. நாளைக்குச் சரியாகிவிடும் என்று அடித்துவிட்டு வெளியே வந்து குக்கரைத் தேய்த்தேன், தேய்த்த குக்கரையே மறுபடி தேய்த்திருக்கிறேன். ராத்திரி இவரிடம் சொன்னேன். பேசு, இல்ல பேசாமப் போ, ஒரு விளையாட்டுக்கு இம்புட்டு யோசனையா என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். விளையாட்டுத்தான். இன்றைக்கு உள்ளே வந்தபோது மைக் என்னாச்சு என்று சாதிக் எழுத்தில் கேட்டான், கொஞ்சம் பொறு என்று அடித்தேன். அதோடு சரி.

அப்போதிருந்து ஒரு சத்தமும் இல்லை. மூன்று பேரும் கதவு முன்னால் நிற்கிறார்கள், கொம்புத் தொப்பி நிற்கிறது, சாதிக்கின் சிவப்பு அங்கி காற்றில் ஆடுகிறது, துரைக்கண்ணு எப்போதும் போல இரும்புக் கவசத்தில், ஓரமாக. ஒருத்தரும் பேசவில்லை. ஆண்ட்ரூஸ் வாயை மூடி அரை மணி நேரம் இருந்தான் என்று அவன் அம்மாவிடம் சொன்னால் நம்ப மாட்டார். எனக்குத் தெரியாமல் மூன்று பேரும் வேறெங்கேயோ தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சேலத்துக்காரனைக் கூப்பிட்டிருப்பார்கள். அல்லது கோபம். அல்லது முனீஸ் அண்ணன் சரியான ஆளில்லை, ஏதோ ஒளிக்கிறார் என்று. எல்லாரும் இருக்கீங்களா என்று அடித்தேன். பதில் வரவில்லை. இரு வரும், பாத்ரூம் போயிருப்பார்கள், மூன்று பேருமா, ஒரே நேரத்திலா. 188. பிள்ளை கிண்ணத்துக்குள் கையை விட்டு அளைகிறாள், அளையட்டும். "சாதிக் நல்ல பிள்ளதான் தங்கம். ஆனா திட்டம் போடுறேன் திட்டம் போடுறேன்னு நம்மளக் கொண்டுபோயி பாம்பு வாயில விடுவான். அப்புறம் அண்ணே மருந்து, அண்ணே மருந்துன்னு அலறுவான். அந்தா ஓரத்துல தனியா நிக்கிறாருல்ல, அவரு பேசவே மாட்டாரு. உன்னைய மாதிரிதான். அவருக்கு யாரு சோறு ஊட்டுவா, மணல்லயே கெடக்காரு பாவம். ஆ காட்டு. அவருக்கு ஒரு வாய். ஆண்ட்ரூஸ் மாமாவுக்கு ஒரு வாய்." சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டின பருக்கையை வழித்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சிரிப்பே எங்கேயோ தடுக்கி நின்றுவிட்டது. "அம்மா இன்னைக்கும் மைக்கு இல்லேன்னு சொன்னா இவங்க வேற ஆளக் கூட்டிட்டுப் போயிருவாங்கடி. போயிட்டா அப்பா வர்ற வரைக்கும் நீயும் நானும்தான். நாம ரெண்டு பேரும் யாருகூடப் பேச? சொல்லு. அம்மா பொம்பளன்னு சொல்லிரவா? சொன்னா சேத்துப்பாங்களா?" தன்ஷி என் மூக்கில் பருப்பைத் தடவினாள். கா என்றாள்.

61. 44. கடைசியில் மட்டும் மளமளவென்று இறங்கும், அதுவும் இந்த விளையாட்டின் ஒரு குணம். கையைக் கழுவ வேண்டும், மருந்துப் பொத்தான் இடது பக்கம், இடது கை பிள்ளையைப் பிடித்திருக்கிறது, வலது கை சோறு. அப்போதுதான் திரையின் கீழே சாதிக்கின் எழுத்து வந்தது. எவ்வளவு நேரம் அடித்தானோ, அடித்து அடித்து அழித்தானோ. இவ்வளவுதான் இருந்தது. மைக் ஓடிட்டு இருக்கு. காலைல அப்டேட்ல எல்லாருக்கும் தானா ஓப்பன் ஆகிற மாதிரி மாத்திட்டான். நாங்க பார்த்து ஆஃப் பண்ணிட்டோம். நீங்க பண்ணல.

நான் அதை மூன்று தரம் படித்தேன். எங்கிருந்து கேட்டார்கள்? உள்ளே வந்ததிலிருந்தா? பாம்பு, ஏழு தலை, அது பரவாயில்லை. எருமைக் கொம்பு. மூணு ஊருக்குக் காணும் வாய். மொதல்ல ஓடுறவன். பாம்பு வாயில் விடுகிறவன். அண்ணே மருந்து என்று அவன் குரலிலேயே பழித்துக் காட்டினேனே. குவைத்துக்காரரைப் பாவம் என்றேன், சோறு ஊட்ட யாருமில்லை என்றேன், முன்பின் தெரியாத மனுஷரை. அதற்கு முன்னால் சோறு வடிக்கும்போது பாட்டு வேறு. அதெல்லாம் கூடப் போகட்டும். யாருகூடப் பேச என்று கேட்டேனே. சேத்துப்பாங்களா என்று கேட்டேனே. அதை நான் இவரிடம் கூடக் கேட்டதில்லை, அம்மாவிடம் போனில் கூட நல்லா இருக்கேன்மா, ஒரு குறையுமில்லை என்றுதானே சொல்கிறேன். காது மடல் இரண்டும் கொதிக்கிறது. பேசாமல் இருந்தது கோபத்தில் இல்லை. கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். மூன்று ஆம்பிளைகள், மூன்று ஊரில், ஒருத்தரும் மூச்சு விடாமல். தாடிக்காரன் தலைக்குப் பக்கத்தில் சின்னதாகப் பச்சைப் புள்ளி எரிகிறது, அதுதான் போலிருக்கிறது, அதன் மேல் விரலை வைத்தேன், பருப்பு ஒட்டின விரல், திரை வழுக்குகிறது, அமுங்கவில்லை. அந்தச் சந்தைப் பெண் மறைந்த மாதிரி மறைந்துவிட வேண்டும். இந்த விளையாட்டையே போனிலிருந்து எடுத்துவிட வேண்டும். முந்தானையில் விரலைத் துடைத்தேன்.

"யக்கா," என்று ஒரு குரல் வந்தது. ஆண்ட்ரூஸ். இரண்டு மாசமாகத் தினமும் கேட்கிற குரல், இவ்வளவு மெதுவாக வரும் என்று எனக்குத் தெரியாது. "அது எருமைக் கொம்பு இல்லக்கா. காட்டெருது. இருபது நாள் சண்ட போட்டு வாங்கினது."

"லேய், சும்மா கெட," என்றான் சாதிக். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. மொதல்லயே சொல்லியிருக்கணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அப்புறம் நீங்க பிள்ளைக்குச் சோறு ஊட்ட ஆரம்பிச்சிட்டீங்க."

"சேலத்துக்காரன்…" என்றேன். என் வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான். கரகரப்பு இல்லாமல் வந்தது.

"அவனா? அவனுக்கு மருந்துக்கும் வெசத்துக்கும் வித்தியாசம் தெரியாதுக்கா," என்றான் ஆண்ட்ரூஸ். "சும்மா உங்கள உசுப்பேத்தச் சொன்னேன். அண்ணன்னு நெனச்சுச் சொன்னேன்."

நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது, அதற்குள் கல்வாசல் இடி மாதிரி அதிர்ந்தது. எங்கள் முறை. முப்பது வினாடிதான் திறந்திருக்கும், அதற்குள் நாலு பேரும் உள்ளே என்கிற பொத்தானை அமுக்க வேண்டும், ஒருத்தர் அமுக்காவிட்டாலும் கதவு மூடிக்கொள்ளும், மறுபடி வரிசையின் வால். சாதிக் அமுக்கிவிட்டான். ஆண்ட்ரூஸும். கீழே எண் இறங்குகிறது, இருபத்திரண்டு, இருபத்தொன்று. பிள்ளையைத் தரையில் இறக்கினால் அழுவாள், இறக்காமல் கை எட்டாது, கிண்ணத்தைத் தள்ளிவிட்டு முழங்கையால் போனைச் சாய்த்து நானும் அமுக்கினேன். மூன்று பச்சை. நாலாவது எரியவில்லை. துரைக்கண்ணு ஓரத்திலேயே நிற்கிறார். "பெருசு, அமுக்குங்க!" என்று ஆண்ட்ரூஸ் கத்தினான். "அண்ணாச்சி, லைன் போச்சா? கேக்குதா?" என்றான் சாதிக். ஒன்பது, எட்டு. மீட்டர் பார்க்கப் போயிருப்பாரோ. இல்லை, அவர் ஆள் அசைகிறது, அந்த இரும்புக் கவசத்தோடு மெதுவாக நடந்து வந்து, முனீஸ் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றது. மூன்று, இரண்டு. கதவு மூடியது. மேலே வெள்ளை எழுத்தில், உங்களுக்கு முன்னால் 655 குழுக்கள்.

"யோவ்!" என்றான் ஆண்ட்ரூஸ்.

அந்தப் பக்கம் ஒரு மெஷின் உறுமுகிற சத்தம் கேட்டது, அதற்குள்ளிருந்து யாரோ தொண்டையைச் செருமினார்கள். சரி என்கிற குரல்தான், வாரேன் என்கிற குரல்தான், ஆனால் அந்தக் குரலில் அதற்கு மேல் நான் கேட்டதே இல்லை.

"கதவு எங்கயும் ஓடிடாது தம்பி. பாம்பும் அங்கதான் இருக்கும்," என்றார் துரைக்கண்ணு. "இந்தக் கேபின்ல பம்ப்புச் சத்தத்தத் தவிர ஒண்ணும் கெடையாது. பிள்ளை பாதிச் சாப்பாட்டுல இருக்கு, நீ பாட்டுக்குப் பேசிக்கிட்டே ஊட்டும்மா, நாங்க நிக்கிறோம். மைக்க மட்டும் நிப்பாட்டிராத."